வயது வந்துவிட்டது, முகவரி?

புதுதில்லி: ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தவரை, ஜனவரி 2-ல் பதினெட்டை எட்டியவர் வாக்காளராக ஓராண்டு காத்திருந்தார். 2021-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளையும் தகுதி நாள்களாக்கியது. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

முகவரிச் சிக்கல்தான் தீரவில்லை. விடுதி மாணவருக்குக் கல்வி நிறுவனத் தலைவரின் சான்று உண்டு. தலைநகரில் அறை எடுத்துத் தங்கிப் பணிபுரியும் இளைஞரின் ஆதாரில் இருப்பதோ பெரும்பாலும் சொந்த ஊர் முகவரி. வாடகைதாரரிடம் படிவம் 6 கேட்பது பதிவு செய்யப்பட்ட குத்தகை ஆவணம். வீட்டு உரிமையாளர்கள் எழுதித் தருவதோ 11 மாத ஒப்பந்தம். ஓராண்டைத் தாண்டாத அதற்குப் பதிவு கட்டாயமில்லை.

ஆவணம் எதுவும் இல்லையெனில் நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்றும் அதே படிவம் கூறுகிறது. இளைஞர்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது அதைத்தான்.