மலைமக்களும் தகவல் உரிமையும்

சேர்வராயன் மலைச் சிற்றூரொன்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஒருவர், தம் ஊர்ச் சாலைக்கென ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என அரசினரை வினவ இயலுமோ? இயலும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி வகுத்துள்ளது. 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தல் போதும். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளார்க்கு அக்கட்டணமும் இல்லை. காரணம் கூற வேண்டுவதில்லை. 30 நாட்களுக்குள் விடை வராவிடின் மேல்முறையீடு செய்யலாம்.

எழுத இயலாதார் வாயாற் கூறுவதை எழுத்தில் அமைக்க அவ்வலுவலரே துணைபுரிதல் வேண்டும் என்பதும் சட்டமே. ஆயினும், எவ்வலுவலகத்தைக் குறித்து ஐயுறுகின்றோமோ, அங்கேயே சென்று எழுதித் தருமாறு வேண்டுதல் எளியோர்க்கு எளிதன்று. ஆதலின், ஏற்காட்டிற்கு உலாச் செல்லும் கல்லூரி மாணவராகிய நாம், அம்மக்களுக்கு ஒரு விண்ணப்பமேனும் எழுதிக் கொடுத்து மீள்வோமாக. கற்ற கல்வி அன்று பயன்பெறும்.