தேர் ஒரு பக்கம், முடுக்கம் ஒரு பக்கம்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் தேரோட்டம் நடக்கும்போது எல்லோர் கண்ணும் வடத்தின் மேல்தான். அடுத்த முறை, சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு கூடவே வருகிறாரே, அவரைக் கவனியுங்கள். ஒரு பௌதிகப் பாடமே அவர் கையில் இருக்கிறது!

பொருள் போகும் பக்கமே அதன் முடுக்கமும் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்வது திசைவேகம். அந்தத் திசைவேகம் எந்தப் பக்கமாக மாறுகிறது என்பதைச் சொல்வதே முடுக்கம்.

கீழமாசி வீதியில் தேர் அசைந்து வேகம் பிடிக்கும்போது இரண்டும் தெற்கு நோக்கியே இருக்கின்றன. சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்ததும் முடுக்கம் வடக்கே திரும்பிவிடுகிறது. தேரோ? நிற்கும் வரையில் தெற்கேதான் நகர்கிறது! ஆகவே, நிறுத்த வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னதாகவே கட்டை விழவேண்டும். தாமதித்தால், தேருக்கு முதுகைக் காட்டி வடம் இழுப்பவர்களின் கதி என்ன?

தெற்குமாசி வீதி முனையில் தேர் வலப்புறம் திரும்புகிறது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முடுக்கம் உண்டு. வளைவின் உட்பக்கம், அதாவது கோயில் இருக்கும் பக்கம்!

வேகமே இல்லாதபோது? அப்போதும் இருக்கலாம். மொட்டைமாடியிலிருந்து தேர் பார்க்கும் பையன் பந்தை நேர் மேலே எறிகிறான். உச்சியில் அதன் வேகம் பூஜ்யம். முடுக்கம் மட்டும் கீழ்நோக்கி, விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வீதம் இருந்துகொண்டேயிருக்கிறது. இல்லாவிட்டால் பந்து அங்கேயே தொங்கவேண்டியதுதான்!