களமின்றி வளருமோ மகளிர் கால்பந்து?

ஓர் ஆட்டத்தை அழிக்க எண்ணுவோர் அவ்வாட்டத்தையே தடுக்க வேண்டுவதில்லை. ஆடுகளத்தைப் பறித்துக்கொண்டாலே போதும். இதனைச் செய்து காட்டியது இங்கிலாந்து.

முதல் உலகப் போரின்போது, பிரெசுட்டன் நகரிலிருந்த டிக் கெர் நிறுவனத்தின் படைக்கலத் தொழிற்கூடத்தில் உழைத்த பெண்கள் ஒரு கால்பந்து அணி அமைத்தனர். 1920 திசம்பர் 26-ஆம் நாள் இலிவர்ப்பூல் நகரின் கூடிசன் திடலில் அவர்கள் ஆடியதைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். ஓராண்டு நிறைவதற்குள், 1921 திசம்பர் 5-ஆம் நாள், ஆங்கிலக் கால்பந்துக் கழகம் தன் உறுப்பு அணிகளின் திடல்களில் மகளிர் ஆடுதல் கூடாதென முடிவு கட்டிற்று. கால்பந்து பெண்களுக்கு ஒவ்வாத ஆட்டமாம்! அத்துணைப் பெருந்திரள் கண்டு மகிழ்ந்த ஆட்டமா ஒவ்வாத ஆட்டம்?

பெண்கள் ஆடுவதை அக்கழகத்தால் நிறுத்த முடியவில்லை. பிற வெளிகளில் அவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தனர். ஆயின் மக்கள் திரளும் அரங்கம் பறிபோயிற்று. கண்ணுக்கு மறைந்தது நாளடைவில் கருத்துக்கும் மறைந்தது. 1971 வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், அடைத்த கதவு அடைத்தபடியே கிடந்தது. இன்று அந்நாட்டில் நடைபெறும் முதல்நிலை மகளிர் தொடர் எட்டு அணிகளுடன் தோன்றியது 2011-ஆம் ஆண்டில்தான்.

இந்தியாவின் முதல்நிலை மகளிர் தொடருக்கு அத்தகைய தடையேதும் இல்லை. ஆயினும் விளைவு பெரிதும் வேறுபட்டதா? 2016–17-இல் தொடங்கிய அத்தொடரின் இறுதிக்கட்ட ஆட்டங்கள் முதலில் தில்லியில் நடந்தன. 2018-இல் சில்லாங்கில், 2019-இல் இலூதியானாவில், 2020-இல் பெங்களூருவில், 2022-இல் புவனேசுவரத்தில், 2023-இல் அகமதாபாதில். அணிகள் யாவும் ஓரூரில் கூடிச் சில கிழமைகளில் ஆடிக் கலைந்தன. அணிக்கு ஊர்ப்பெயர் இருந்தது. ஊராருக்கு அணி இல்லை.

2019 மே 22-இல் மதுரையைச் சேர்ந்த சேது அணி, மணிப்பூர்க் காவல்துறை அணியை 3–1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. வென்ற இடமோ, மதுரையினின்று 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இலூதியானா! தம் ஊர் அணி வாகை சூடியதை மதுரை மக்களுள் எத்தனைபேர் நேரில் கண்டிருக்க இயலும்?

அவ்வணியில் பிற மாநிலத்தாரும் அயல்நாட்டாரும் ஆடினரே என்று கூறுவோர் உளர். உண்மைதான். ஆனால் மாநிலங்களுக்கிடையிலான மகளிர் போட்டியில் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023-இல் அமிர்தசரசில் அரியானாவையும் வென்று முதலிடம் பெற்றது தமிழ்நாட்டு அணியன்றோ? திறம் இங்கு உண்டு. அதனைக் காணும் வாய்ப்புத்தான் தமிழர்க்கு இல்லை.

ஊர்தோறும் ஆடினால் செலவு மிகும் என்பர். மிகும்தான். ஆனால் காணாத ஆட்டத்திற்கு எவரும் காசு தாரார்; காசு வாராத அணி ஊதியம் தராது; ஊதியமில்லாப் பெண் ஆட்டத்தை விட்டு வேறு வேலைக்குச் செல்வாள். பயண வகையில் மிச்சம் பிடித்த பணத்திற்கு ஈடாக இழக்கப்படுவது ஆட்டமகளிரின் வாழ்வே! ஒவ்வோர் அணியும் குறைந்தது 10 இந்திய ஆட்டமகளிர்க்கு ஆண்டுக்கு 3.2 இலக்கம் உருபாவேனும் தரவேண்டுமென 2023-இல் கால்பந்துக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆயின் திடலில் மக்கள் இன்றேல் அத்தொகை எவ்வாறு நிலைக்கும்?

தம் ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறிமாறி ஆடும் முறை 2023–24-இல்தான் முதன்முறையாக வந்தது. அடுத்த பருவத்தில் கிழக்கு வங்கக் கழகம் தன் மாநில மண்ணிலேயே, தன் மக்கள் கண்முன்னே வாகை சூடிற்று. அந்த நற்பேறு மதுரைக்கும் வாய்த்தல் வேண்டும்.

ஆகவே இம்முறை எந்நெருக்கடியிலும் கைவிடப்படலாகாது. தமிழ்நாட்டு அரசு மாவட்டத் திடல்களை மகளிர் அணிகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடுக! நாளிதழ்கள் ஆட்டம் நடக்கும் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே அறிவிக்க! பெற்றோர் தம் பெண்மக்களை உடனழைத்துச் சென்று காண்க! வெற்றிச் செய்தியை மறுநாள் படித்துப் பெருமைகொள்வது எளிது; அவ்வெற்றிக்காக உழைப்பவர் ஆடும்போது திடலில் இருப்பதே கடமை.