கொடி எங்கே வளர்கிறது?

என் எழுதுமேசையில் உள்ளங்கையளவு பித்ரிப் பெட்டி ஒன்று இருக்கிறது. கன்னங்கரிய மூடியின்மேல் வெள்ளியில் ஒரு கொடி சுருண்டு, கிளைத்து, எதிர்த்திசையில் மீண்டும் சுருண்டு விளிம்பைத் தொடுகிறது. பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தும் அண்மையில்தான் ஒன்றைக் கவனித்தேன். இடப்பக்கச் சுருளும் வலப்பக்கச் சுருளும் ஒன்றல்ல. வலப்பக்கத்தில் ஓர் இலை சற்றே பருத்துவிட்டது. அதற்கு இடம் விட்டு அருகிலிருக்கும் தளிர் ஒதுங்கியிருக்கிறது.

இதைக் கவனிக்க வைத்தது வேறொரு பொருள். நண்பர் ஒருவருக்குப் பரிசளிப்பதற்காகக் கடையொன்றில் பித்தளைத் தட்டு வாங்கினேன். ‘கைவேலை’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து விளக்கொளியில் பார்த்தால் நான்கு மூலைகளிலும் ஒரே கொடி, ஒரே இடத்தில் ஒரே நெளிவு. உளி வெட்டிய பள்ளத்தின் சரிவுகளில் ஒளி பட்டுத் தெறிக்கும். இங்கே பள்ளங்கள் மங்கிக் கிடந்தன. லேசர் பொறிப்பு. பணம் போனதைவிட, அந்தக் கொடியை யார்தான் வரைந்தார் என்ற கேள்வியே என்னைத் தொந்தரவு செய்தது.

உலோகத்தில் பொறிப்பதற்கான கொடிக்கருக்கைக் கையால் வரைவதா, கணினியில் வரைவதா என்ற விவாதம் இன்று பொறிப்புக் கலைஞர்களிடையே பரவலாக நடக்கிறது. இருதரப்பும் பெரும்பாலும் கருவியைப் பற்றியே பேசுகின்றன. என் கவலை கருவியைப் பற்றியதல்ல. வரையத் தெரிந்த கண் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியது.

கர்நாடகத்தின் பீதர் நகரில் நடக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு சிறிதளவும் சேர்ந்த கலவையில் பாத்திரத்தை வார்த்து, இழைத்து, அதன்மேல் மயில்துத்தக் கரைசலைப் பூசுகிறார்கள். பரப்பு தற்காலிகமாகக் கறுக்கிறது. அந்தக் கருமையின்மேல் கூரிய எஃகு முனையால், அச்சோ படியோ இல்லாமல், கலைஞர் நேரடியாகக் கோடு கீறுகிறார். பின்னர் சிற்றுளியால் அந்தக் கோட்டை வெட்டி, பள்ளத்தில் வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ அடித்து இறக்குகிறார். கடைசியில் நவச்சாரமும் பழைய கோட்டையின் மண்ணும் கலந்து தேய்த்ததும் உலோகம் நிரந்தரமாகக் கறுத்துவிட, வெள்ளி மட்டும் வெண்மையாக நிற்கிறது.

இதில் என்னை ஈர்ப்பது அந்த வரைபடத்தின் குறுகிய ஆயுள். கீறிய கோட்டை உளி தின்றுவிடுகிறது. மூலப்படி என்று எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றும் எஞ்சுவதில்லை. அடுத்த பாத்திரத்துக்கு அதே கொடியை மறுபடியும் முதலிலிருந்து வரைந்தாக வேண்டும். குடுவையின் கழுத்து குறுகினால் கொடியும் குறுகவேண்டும். வயிறு பருத்தால் சுருள் விரியவேண்டும். ஆகவே அந்த வடிவம் தாளில் இல்லை, கையில் இருக்கிறது. கை நின்றுபோனால் வடிவமும் நின்றுபோகும்.

கொடிக்கருக்கு எளிதாகத் தோன்றும். வரைந்து பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். முதலில் தண்டு, அதாவது சுருளின் முதுகெலும்பு. சுற்றுகளுக்கு இடையிலான வெளி சீராகக் குறைந்துகொண்டே உள்ளே செல்லவேண்டும். எங்காவது ஒரு நூலிழை தட்டையானாலும் முழங்கை மடங்கியதுபோலக் கண்ணை உறுத்தும். அதன் முதுகிலிருந்து அடுத்த சுருள் எதிர்த்திசையில் கிளைக்கும். இலைகள் தண்டைத் தழுவியபடி அதிலிருந்து பிரியவேண்டும். ஒட்டவைத்ததுபோல் இருந்தால் கொடி செத்துவிடும். இவற்றையெல்லாம் விதிகளாக ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். கண் அவற்றை ஏற்றுக்கொள்ளத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1753இல் அழகைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நெளிந்து செல்லும் கோடே அழகின் கோடு என்பது அதன் மையக் கருத்து. தத்துவ விவாதமாகவே அதைப் பலரும் வாசிக்கிறார்கள். ஆனால் ஹோகார்த் இளமையில் லண்டனில் எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளிப் பொறிப்பாளரிடம் தொழில் பழகியவர். பாத்திரங்களில் குலச்சின்னங்களையும் அலங்காரங்களையும் வெட்டிய கை அது. அந்தக் கோட்டை அவர் சிந்தித்து அடைவதற்கு முன்பே அவர் கை அதை அறிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி கணினி. வரைகலை மென்பொருள்களில் நாம் இழுத்து வளைக்கும் கோடுகளின் கணிதம் பிரெஞ்சுக் கார்த் தொழிற்சாலைகளில் பிறந்தது. சித்ரோயனில் பால் தெ காஸ்தல்ஜோ 1959இல் அதை உருவாக்கினார். ரெனோவில் பியர் பெசியே 1960களில் அதே திசையில் உழைத்தார், அவர் பெயரே நிலைத்தது. சில புள்ளிகளை நட்டால் அவற்றுக்கிடையே கோடு வழுவழுப்பாக ஓடும். இதைப் பழிப்பதற்கில்லை. தவறை அழித்துத் திருத்தலாம், ஒரு கடிகார மூடிக்கு ஏற்றபடி சுருக்கலாம், வெட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் பெறலாம். வெட்டிய உலோகம் மன்னிக்காது என்பதை நினைத்தால் இவை சிறிய உதவிகள் அல்ல.

ஆனால் புள்ளியை எங்கே நடுவது என்பதைக் கணினி சொல்வதில்லை. தேர்ந்தவர் நான்கு புள்ளிகளில் முடிக்கும் சுருளுக்குப் பழகாதவர் இருபது புள்ளிகளை நடுவார். கோடு மேடும் பள்ளமுமாகத் தத்தளிக்கும். மேலும் உளியின் கோடு ஒரே தடிமன் கொண்டதல்ல. ‘வி’ வடிவ முனை ஆழமாக இறங்கினால் கோடு அகலும், மேலெழும்பினால் மெலியும். அந்த அழுத்தத்தை மணிக்கட்டில் உணர்ந்தவர் திரையில் வரைந்தாலும் கோட்டில் அது தெரியும். உணராதவரின் கோடு கம்பிபோல நீளும்.

‘முன்பும் நகலெடுத்தார்கள்தானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஆல்டேகிரேவர் அலங்கார வடிவங்களை அச்சிட்டு வெளியிட்டார். அத்தகைய அச்சுத்தாள்களைப் பார்த்துப் பொற்கொல்லர்கள் வேலை செய்தார்கள். இங்கிலாந்தில் ஓவன் ஜோன்ஸ் பல நாட்டு அலங்காரங்களைத் தொகுத்து 1856இல் பெருநூலாக்கினார். கைவேலை என்றாலே சுயமானது என்பது மிகைக் கற்பனை. ஆனால் அன்று நகலெடுப்பவர் ஒவ்வொரு வளைவையும் தம் கையால் மீண்டும் கடந்தாகவேண்டும். நூறு முறை நகலெடுத்தவர் நூற்றியோராவது முறை தமக்கென ஓர் இலையை மாற்றிவிடுவார். மரபு அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. விலைக்கு வாங்கிய கோப்பிலிருந்து கொடியை வெட்டி ஒட்டுபவரின் கை அந்த வழியே செல்வதேயில்லை. ஆயிரம் தட்டுகளுக்குப் பிறகும் அவர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்.

ஆகவே என் தரப்பு இதுதான். பொறிப்புத் தொழில் பழகும் இளைஞருக்கு முதல் சில ஆண்டுகள் தாளும் பென்சிலும் உளியும் போதும். தண்டும் இலையும் கையில் படிந்தபின் கணினியைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவருக்கு அது நல்ல பணியாளாக இருக்கும். வரிசையை மாற்றினால் அவர்தான் அதற்குப் பணியாளாவார். லேசரில் செய்ததை லேசர் என்றே சொல்லி விற்கட்டும். மலிவான தட்டு வேண்டுபவர் வாங்கிக்கொள்வார், அதில் குற்றமில்லை. பொய்ச் சீட்டு பறிப்பது வாங்குபவரின் பணத்தை மட்டுமல்ல. பல நாள் குனிந்து வெட்டியவர் கேட்கும் நியாயமான கூலியையும் அது பேராசைபோலக் காட்டிவிடுகிறது. அந்தக் கூலி கிடைக்காவிட்டால் அவர் பிள்ளை ஏன் உளியைத் தொடவேண்டும்?

பீதரின் பித்ரிக் கலைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் விருது ஒருவருக்கே கிடைக்கும். மற்ற கைகளைக் காப்பாற்றவேண்டியவர்கள் வாங்குபவர்களாகிய நாம். அடுத்தமுறை ஒரு தட்டைக் கையிலெடுக்கும்போது அதைச் சற்றே சாய்த்து ஒளியில் பாருங்கள். நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். பிறகு கடைக்காரரிடம் கேளுங்கள், இந்தக் கொடியை வரைந்தவர் யார் என்று. நானும் அன்று கேட்டிருக்கவேண்டும்.