அழிக்க வேண்டாம், பக்கத்தில் எழுதுங்கள்

2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 02.70 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். ஊரே கொண்டாடியது, கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுத்தொகை அறிவித்தன. ஒரு மாதம் கழிவதற்குள் அவருடைய மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தின் தடயம் இருப்பதாகச் செய்தி வந்தது. தடைசெய்யப்பட்ட எதையும் தான் உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். 2020-ல் நான்காண்டுத் தடை உறுதியானது. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் பெற்ற முடிவுகள் அத்தனையும் நீக்கப்பட்டன, தங்கம் இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது. மனதுக்குக் கசப்பான தீர்ப்புதான், ஆனாலும் குழப்பமில்லாத தீர்ப்பு. மாதிரி இருந்தது, ஆய்வு நடந்தது, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற எல்லையும் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனால்கூட என்ன செய்வது என்பதற்கு விளையாட்டு உலகத்திடம் இன்றுவரை ஒரு நேர்மையான விடை இல்லை.

2010-ஐ எடுத்துக்கொள்வோம். டெல்லி காமன்வெல்த் போட்டியிலும், சில வாரங்களில் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் இந்தியப் பெண்கள் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்றார்கள். மன்ஜீத் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர் என்ற நால்வரில் மன்ஜீத் தவிர மற்ற மூவரும் 2011-ல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையில் கலப்படம் இருந்தது என்பது அவர்கள் தரப்பு வாதம். இங்கே ஓராண்டுத் தடை கொடுத்தார்கள், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-ல் அதை இரண்டாண்டாக்கியது. 2010-ன் தங்கங்களை யாரும் தொடவில்லை. அந்த ஆண்டின் மாதிரிகளில் எதுவும் சிக்காததால் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் பட்டியலைப் புரட்டும் ஒருவருக்கு, அடுத்த ஆண்டே மூவர் சிக்கினார்கள் என்ற செய்தி கிடைக்காது. தமிழ்நாட்டின் தனலட்சுமியின் கதையும் இந்த வகைதான். 2021-ல் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் 200 மீட்டரை 23.26 வினாடிகளில் ஓடி பி.டி. உஷா வைத்திருந்த போட்டிச் சாதனையை முறியடித்தார். 2022-ல் மருந்துச் சோதனையில் சிக்கி மூன்றாண்டுத் தடை பெற்றார். அந்த 23.26 மருந்தால் வந்தது என்று சொல்ல எவரிடமும் ஆதாரம் இல்லை. அப்படியானால் அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

இந்தக் கேள்வியோடு நம்மைவிட அதிகமாக மல்லுக்கட்டியது அமெரிக்காவின் பேஸ்பால். பாரி பாண்ட்ஸ் 2001-ல் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்தார், வாழ்நாள் கணக்கு 762. இரண்டும் இன்றும் சாதனைகள். ஊக்கமருந்துக்காக அவர் ஒரு நாள்கூடத் தடை செய்யப்பட்டதில்லை, ஆனால் அவர் மருந்து எடுத்தார் என்று நம்பாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் தண்டனையோடு கூடிய சோதனை 2004-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிக் கையில் இருப்பவை பெரும்பாலும் சாட்சியங்களும் 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கையும்தான். 89 ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்ன அந்த அறிக்கையில் பாண்ட்ஸின் பெயரும் இருந்தது. பேஸ்பால் கடைசியில் செய்தது என்ன? எண்களை அப்படியே விட்டுவிட்டு, மனிதரைப் புகழ் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியது. 2022-ல், பத்தாவது முறையும் கடைசி முறையுமாக, எழுத்தாளர்கள் வாக்களித்தபோது அவருக்கு 66 சதவீதம் கிடைத்தது, தேவை 75. அதே வாக்கெடுப்பில் டேவிட் ஓர்டிஸ் உள்ளே போனார். 2003-ல் பெயர் வெளியிடாமல் எடுத்த சோதனையில் சிக்கியவர்களில் அவரும் உண்டு என்று செய்தி வந்திருந்தது. ஒரே சந்தேகம், இரண்டு தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், பாண்ட்ஸ் அடித்த 756-ஆவது ஹோம் ரன் பந்தை ஏலத்தில் வாங்கியவர், பொதுமக்களிடம் வாக்கெடுத்து அதன்மேல் ஒரு நட்சத்திரக்குறியைப் பொறித்து அந்த மண்டபத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். பந்து உள்ளே இருக்கிறது, அடித்தவர் வெளியே நிற்கிறார். மனிதரின் குணத்துக்கு மதிப்பெண் போடப் புகுந்தால் இப்படித்தான் போய் முடியும்.

தடகளத்தில் வேறொரு வழியை யோசித்தார்கள். 2017-ல் ஐரோப்பியத் தடகளச் சங்கம் ஒரு யோசனையை முன்வைத்தது. மாதிரிகளைப் பாதுகாத்து வைக்கும் வழக்கம் 2005-ல்தான் வந்தது, ஆகவே அதற்கு முந்தைய சாதனைகளை ஒட்டுமொத்தமாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது அதன் சாரம். காரணம் இல்லாமலில்லை. கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோக் 1985-ல் கான்பெராவில் 400 மீட்டரை ஓடிய 47.60 வினாடியும், செக்கோஸ்லோவாகியாவின் யர்மிலா கிரடோக்விலோவா 1983-ல் மூனிக்கில் 800 மீட்டரை ஓடிய 1:53.28-ம் பல தலைமுறைப் பெண்களால் முறியடிக்க முடியாதவை. இருவரும் சோதனையில் சிக்கியதில்லை. ஆனால் கிழக்கு ஜெர்மனி அரசே திட்டம் போட்டு வீரர்களுக்கு மருந்து கொடுத்தது என்பது அந்த நாட்டின் ஆவணங்களிலிருந்தே பின்னால் வெளிவந்தது. இருந்தும் அந்த யோசனை கரை சேரவில்லை. அந்தப் பழைய சாதனைகளில் சிலவற்றுக்குச் சொந்தக்காரர்களான பவுலா ராட்கிளிஃப், ஜொனாதன் எட்வர்ட்ஸ், மைக் பவல் போன்றோர் கொதித்தெழுந்தார்கள். எங்கோ யாரோ ஏமாற்றியதற்காக என் உழைப்பை ஏன் அழிக்கிறீர்கள் என்ற அவர்களுடைய கேள்விக்குச் சங்கத்திடம் விடை இருக்கவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

சந்தேகத்தின் பேரில் அழிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் தேவையில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சவுந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை, அப்படி யாரும் குற்றம் சாட்டவும் இல்லை. பாலினச் சோதனை என்ற பெயரில் அவருடைய உடலைச் சந்தேகித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள், பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்தார்கள். 2015-ல் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் தொடுத்த வழக்கில், இயற்கையாகவே ஹார்மோன் அளவு கூடியிருக்கும் பெண்களைத் தடுத்த விதியைப் போதிய ஆதாரம் இல்லை என்று நடுவர் மன்றம் நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகும் சாந்தியின் வெள்ளி திரும்பவில்லை. ஊக்கமருந்து வேறு, இது வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ‘இந்த ஓட்டம் இயல்பானதல்ல’ என்ற எண்ணம் ஆதாரத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டால் யாருடைய பெயர் முதலில் அழியும் என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது.

பதக்கமும் சாதனைப் பதிவும் ஒன்றல்ல என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். பதக்கம் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான உரிமை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் பாடு முறை வைத்திருக்கிறார்கள். சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடத்தில் வலை கட்டுவது இன்னாருடைய முறை என்று ஊர் கூடித் தீர்மானிக்கிறது. முறை இல்லாதவன் வலை கட்டினால் நஷ்டம் ஏரிக்கு அல்ல, அன்று யாருடைய முறையோ அவருக்கு. பதக்கமும் அப்படித்தான்: தவறு நிரூபணமானால் அது அடுத்தவர் கைக்குப் போக வேண்டும், பரிசுப் பணமும் கூடவே போக வேண்டும். சாதனைப் பதிவு அப்படிப்பட்ட உரிமைப் பொருளல்ல. இன்ன நாளில் இன்ன இடத்தில் இது நடந்தது என்று சொல்லும் ஆவணம் அது. நடந்ததை நடக்கவில்லை என்று எழுதினால் ஆவணம் பொய்யாகும். எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதை மறைத்தாலும் பொய்யாகும். ஆகவே சந்தேகத்துக்காக எதையும் அழிக்கக் கூடாது. அதற்குப் பதில் ஒவ்வொரு சாதனைக்கும் பக்கத்தில் மூன்று செய்திகளை எழுதலாம். அன்று மாதிரி எடுக்கப்பட்டதா? அது இன்னும் பாதுகாப்பில் இருக்கிறதா? அந்த வீரருக்குப் பின்னாளில் தடை ஏதும் வந்ததா, வந்தால் எந்த நாளிலிருந்து? சந்தேகத்துக்குரியவர் பெயருக்கு மட்டும் நட்சத்திரக்குறி போடும் வேலை வேண்டாம். எல்லோருக்கும் ஒரே கட்டம், எல்லோருக்கும் ஒரே கேள்வி.

இது புதுமையாகத் தோன்றலாம், தடகளத்துக்குப் புதிதல்ல. 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல் முடிவுகளின் பக்கத்தில் காற்றின் வேகத்தை எழுதுவது பழைய வழக்கம். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அது சாதனையாகாது, ஆனாலும் முடிவு பட்டியலில் இருக்கும். காற்றுக்காக யாரும் வீரரைத் திட்டுவதில்லை. ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988-ல் 100 மீட்டரை 10.49 வினாடிகளில் ஓடியபோது காற்றுமானி பூஜ்யம் காட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் நடந்த மும்முறைத் தாண்டுதலில் காற்று பலமாக வீசிய நேரம் அது. அந்தச் சின்ன எண் பட்டியலில் இருப்பதால்தான் இன்றும் அதைப் பற்றி விவரம் தெரிந்து வாதிட முடிகிறது. காற்றைப் பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கு மாதிரியைப் பதிவு செய்யத் தெரியாதா?

ஏமாற்றியவர் பெயர் பட்டியலின் உச்சியில் நிற்பதே சுத்தமாக ஓடுகிறவர்களுக்கு அவமானம் அல்லவா என்று கேட்பார்கள். இருக்கிற எதிர்ப்புகளில் வலுவானது இதுதான். மாதிரியோ ஒப்புதல் வாக்குமூலமோ இருக்கும் இடத்தில் நான் அழிப்பதை எதிர்க்கவில்லை. பென் ஜான்சன் 1988 சியோலில் சிக்கினார். அதற்கு முந்தைய ஆண்டின் 9.83 வினாடிச் சாதனையும், விசாரணையில் அவரே உண்மையை ஒப்புக்கொண்ட பிறகு எடுக்கப்பட்டது. அது சரியான முடிவு. ஆதாரமே இல்லாத இடத்தில் அழித்துவிட்டு அந்த இடத்துக்கு யாரை ஏற்றுவீர்கள் என்பதுதான் என் கேள்வி. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களையும் 2012-ல் பறித்தபோது அந்த இடங்களைக் காலியாகவே விட வேண்டியதாயிற்று, பின்னால் வந்தவர்களில் பலர்மேலும் அதே கறை இருந்ததால். அடுத்த எதிர்ப்பு, பழைய கதையைக் கிளறிக்கொண்டே இருக்க முடியுமா என்பது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியே பத்தாண்டு என்று எல்லை வைத்திருக்கிறது. தண்டனைக்கு அந்த எல்லை போதும், ஆவணத்துக்கு எல்லை தேவையில்லை.

இந்தியாவுக்கு இந்தக் கட்டங்கள் ஏன் அவசரம் என்பதைப் புள்ளிவிவரமே சொல்கிறது. 2023-ல் இங்கே எடுக்கப்பட்ட 5,600-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் 200-க்கும் மேல் தேறவில்லை, சுமார் 3.8 சதவீதம். அந்த ஆண்டு இவ்வளவு சோதனை செய்த நாடுகளில் இதைவிட மோசமான விகிதம் வேறெங்கும் இருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓடியவர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தசைப்பிடிப்பு வந்துவிட்டதாம்! அதிகாரிகள் வராத மாநிலப் போட்டிகளின் முடிவுகளுக்குப் பக்கத்தில் ‘மாதிரி எடுக்கப்படவில்லை’ என்ற வரி இருந்தால், வீரர்களைவிட நடத்துகிறவர்களுக்குத்தான் முதலில் உறுத்தும். கோமதி விவகாரத்தில் மார்ச் மாதமே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியின் முடிவு ஏப்ரலில் தோஹாவுக்குப் புறப்படும்முன் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்தத் தங்கமும் இல்லை, அந்தத் தலைகுனிவும் இல்லை.

நம் ஊரில் ஓட்டத்தின் எண் வெறும் பெருமையோடு நிற்பதில்லை. அரசு வேலையில் மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, கல்லூரிச் சேர்க்கை, ரயில்வே, காவல்துறை என எல்லாவற்றுக்கும் அந்தச் சான்றிதழ்தான் சாவி. முதலில் வந்தவர் பின்னால் சிக்கினால், ஆசியப் போட்டியில் இரண்டாவதாக வந்தவருக்குப் பதக்கத்தை அனுப்பி வைக்க ஆள் இருக்கிறது. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் அந்த ஏற்பாடு இருக்க வேண்டியது சங்கங்களின் பொறுப்பு. தமிழ்நாடு தடகளச் சங்கம் அடுத்த மாநிலப் போட்டியிலிருந்தே இந்த மூன்று கட்டங்களையும் முடிவுப் பட்டியலில் சேர்க்கலாம். தடை உறுதியான நாளில், கேட்டு விண்ணப்பிக்க வைக்காமல், இரண்டாம் இடத்துப் பெண்ணின் வீட்டுக்குப் புதிய சான்றிதழை அஞ்சலில் அனுப்பவும் செய்யலாம்.