அன்பான நாய்க்கும் தேர்வு வேண்டும்

நோயிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்களுள் சிலர் எங்களிடம் ஒரு விருப்பத்தைத் தெரிவிப்பதுண்டு. “படுக்கையில் கிடந்த நாள்களில் எங்கள் வீட்டு நாய் எனக்குத் தந்த ஆறுதல் பெரிது. அது இங்குள்ள மற்ற நோயாளிகளுக்கும் கிடைக்கட்டும். அழைத்து வரலாமா?” இவ்வேண்டுகோளில் உள்ள நல்லெண்ணத்தை மதிக்கிறோம். தகுதி பெற்ற நாய்களை வார்டுக்குள் வரவேற்க வேண்டும் என்பதே எங்கள் கருத்தும். ஆனால், அத்தகுதியை ஆராயும் தேர்வில் எவருக்கும் சலுகை கூடாது.

இது புதிய முயற்சியன்று. அமெரிக்காவில் 1977-இல் தோன்றிய பெட் பார்ட்னர்ஸ் என்னும் அமைப்பு, வளர்ப்பு விலங்கையும் அதனை அழைத்து வருபவரையும் ஓர் இணையாகவே தேர்வு செய்கிறது. ஹாங்காங்கில் 1991-இல் ஜில் ராபின்சன் தம் நாய் மேக்ஸுடன் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டம், பின்னர் புளூ கிராஸ் அமைப்பின் வழியாகச் சென்னைக்கும் வந்தது.

வீட்டாரிடம் அன்பாக இருக்கும் நாய் எல்லோரிடமும் அவ்வாறே இருக்கும் என்று நம்புவது இயல்பு. மருத்துவமனைக்கு அந்த நம்பிக்கை மட்டும் போதாது. மகிழ்ச்சியில் தாவி ஏறுவது வீட்டில் விளையாட்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் முதியவருக்கு அந்த நகக்கீறலே காயமாகிவிடும். ஆகவேதான் தேர்வில் ஒருவர் தள்ளாடியபடி நாயை நோக்கி நடந்து வருகிறார். ஒருவர் பின்னாலிருந்து இடிக்கிறார். சிலர் உரத்த குரலில் சச்சரவிடுகின்றனர். ஒருவர் முரட்டுத்தனமாகத் தடவிக்கொடுக்கிறார். இவையனைத்தும் வார்டில் அன்றாடம் நிகழக்கூடியவை. “விடு” என்றதும் தரையில் கிடப்பதை நாய் விட்டுவிட வேண்டும் என்பதும் ஒரு சோதனை. தரையில் விழுந்து கிடப்பது ஒரு மாத்திரையாகவும் இருக்கலாம் அல்லவா?

உடல்நலம் குறித்த நிபந்தனைகளும் உண்டு. நாய்க்கு ஒரு வயதேனும் நிரம்பியிருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டிருக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். பச்சை இறைச்சி உண்ணும் நாய் ஏற்கப்படுவதில்லை. அதன் வழியே நோய்க்கிருமிகள் நோயாளியைச் சென்றடையக்கூடும். அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு வல்லுநர்கள் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வருகை ஒரு மணி நேரத்தைக் கடத்தல் ஆகாது என்கிறது. நாயைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகளைத் தூய்மை செய்வது கட்டாயம். ஒரு முறை வென்றுவிட்டால் ஆயுள் முழுமைக்கும் தகுதி என்பதும் இல்லை. பெட் பார்ட்னர்ஸ் அமைப்பில் ஈராண்டுக்கு ஒரு முறை மீண்டும் தேர்வு உண்டு.

தேர்வு நாய்க்கு மட்டுமன்று, உடன் வருபவருக்கும்தான். உறக்கமின்றியே கொட்டாவி விடுதல், உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், வாலை ஒடுக்குதல் ஆகியவை நாயின் அச்சத்தையோ களைப்பையோ காட்டும் குறிகள். இவற்றைக் கண்டவுடன் “இன்று போதும்” என்று விடைபெற்றுச் செல்லத் தெரிந்தவரே தகுதியுடையவர். பேச இயலாத உயிரின் மறுப்பையும் நாம் மதித்தாக வேண்டும்.

நோயாளியின் மறுப்பும் அவ்வாறே மதிக்கப்பட வேண்டும். ஒருவர் நாயைக் கண்டு மகிழும்போது, அடுத்த கட்டிலில் இருப்பவர் அஞ்சி ஒடுங்கக்கூடும். வெறிநோயின் கொடுமையை அறிந்த நம் நாட்டில் அவ்வச்சம் ஏளனத்துக்குரியதன்று. ஒவ்வாமை உள்ளோர், ஆறாத புண் உள்ளோர், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்று எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோரின் பாதுகாப்பு முதன்மையானது. மருத்துவரின் இசைவும் அறையிலுள்ள ஒவ்வொருவரின் இசைவும் பெற்ற பின்னரே நாய் உள்ளே வர வேண்டும்.

நாயை நேரில் காணாமலே, பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழும் மேலங்கியும் அனுப்பிவைக்கும் வணிகமும் இணையத்தில் நடக்கிறது. அத்தகைய தாள் எவரையும் காக்காது. அதனை நம்பிக் கதவைத் திறந்து, ஒரு நோயாளி கடிபட நேர்ந்தால், தகுதியுள்ள பிற நாய்களுக்கும் அக்கதவு மூடப்பட்டுவிடும்.

நாயின் வருகை நோயைத் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊசிக்கும் மருந்துக்கும் இடையே நீளும் பொழுதில், எதையும் கேளாமல் அருகில் அமர்ந்திருக்கும் ஓர் உயிர் மனத்தை இலேசாக்கும் என்பதே நாங்கள் கொண்டுள்ள நம்பிக்கை. அந்த ஆறுதலை வழங்க விரும்புவோர் முதலில் கால்நடை மருத்துவரிடம் தம் நாயின் உடல்நலத்தையும் இயல்பையும் ஆராய்ந்தறியட்டும். பிறகு பொறுமையுடன் பழக்கட்டும். தேர்வில் வெல்லாவிடினும் வருந்த வேண்டியதில்லை. அந்நாய் உங்கள் வீட்டு நாய்தான்; நீங்கள் நோயுற்றிருந்த நாள்களில் அது ஆற்றிய பணிக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.