பழைய கணினியும் ஓர் அமானிதமும்



தங்கள் இல்லத்துப் பழைய கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் திறந்த கணமே மூடிக்கொள்கிறதா? நாடாத விளம்பரப் பக்கங்கள் தாமாகவே வந்து நிற்கின்றனவா? உடனே அதனை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுவோர் பலர். எனினும் பழுது தீர்வதில்லை. ஏன்? நம் கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் அமைப்புகளும் 'புரொஃபைல்' எனும் தனிக் கோப்புறையில் தங்கியுள்ளன. உலாவியை நீக்கினாலும் அது நீங்காது. புதிதாக நிறுவியதும், கெட்டுப்போன அக்கோப்புறையே மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துவிடுகிறது.

இதற்கு எளிய வழி உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே ஃபயர்ஃபாக்ஸைத் திறவுங்கள். தோன்றும் பெட்டியில் 'ரெஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். துணைநிரல்களும் மாற்றப்பட்ட அமைப்புகளும் அகன்றுவிடும். கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் எஞ்சும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பழைய புரொஃபைலின் நகல், 'ஓல்ட் ஃபயர்ஃபாக்ஸ் டேட்டா' என்ற பெயரில் கணினியின் முகப்பிலேயே வைக்கப்படும். அதனுள் குடும்பத்தார் அனைவரின் கடவுச்சொற்களும் இருக்கும். யாவும் சீராக இருப்பதை உறுதிசெய்துகொண்டு அதனை அழித்துவிடுங்கள். கணினியைப் பிறருக்கு விற்கும் முன்போ கொடுக்கும் முன்போ கட்டாயம் அழியுங்கள்.

மேலும், விண்டோஸ் 7க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. உலாவி சீரானாலும் அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாதீர்கள்.

மனைவி மக்களின் இரகசியங்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதனைப் பேணிக் காப்போமாக!